கேன்சர் தடுப்புக்கு வீட்டுல ஒரு பிளான் போடுறது எப்படி: எதை முதல்ல செய்யணும், எங்க சறுக்குவோம்

கேன்சர் தடுப்புன்னு சொன்ன உடனே பெரும்பாலானவங்க சாப்பாட்டுல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க. எந்த பழம் நல்லது, எந்த ஜூஸ் நல்லதுன்னு ஒரு வாரம் தேடித்தேடி படிச்சு அதுலயே களைச்சுப்போயிடறாங்க, புகையிலைய விடறது, தடுப்பூசி, ஸ்கிரீனிங் டெஸ்ட்னு நெஜமாவே பெருசா வித்தியாசம் பண்ற மூணும் "அப்புறம் பாத்துக்கலாம்" லிஸ்ட்டுக்கு போயிடுது. நிறைய குடும்பங்களோட உக்காந்து இந்த பிளான போட்டு பாத்ததுல எனக்கு புரிஞ்சது இதான்: விஷயம் தெரியாம தோக்கறவங்க கம்மி, வரிசைய மாத்தி செஞ்சு தோக்கறவங்கதான் ஜாஸ்தி.

இன்னொன்னு முதல்லயே சொல்லிடறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி இன்னிக்கு வர்ற கேன்சர்ல 30 முதல் 50 சதவீதம் வரைக்கும் தடுக்க முடியும். அப்ப மீதி தடுக்க முடியாததுன்னுதான் அர்த்தம். அதனால எல்லாம் சரியா செஞ்சும் ஒருத்தருக்கு வந்துச்சுன்னா அவர் ஏதோ தப்பு பண்ணிட்டார்னு பேசாதீங்க. நாம செய்யறது வாய்ப்ப குறைக்கிற வேலை, கேரண்டி கிடையாது.

## ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

ஒரு நோட்டு, வீட்டுல எல்லாரோட பழைய மெடிக்கல் ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, எடை பாக்கற மெஷின், ஒரு ரெண்டு மணி நேரம். இதெல்லாத்தையும் விட முக்கியம் குடும்பத்து பழைய கதை தெரிஞ்ச ஒரு பெரியவர். அவர் இல்லாம உக்காந்தீங்கன்னா ரெண்டாவது படியிலயே நின்னுடுவீங்க.

நோட்டுல ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். எல்லாரையும் ஒரே அட்டவணைல போட்டா பாக்க அழகா இருக்கும், ஆனா யாருக்கு எது பாக்கின்னு மூணு மாசம் கழிச்சு ஒருத்தருக்கும் புரியாது.

## 1. முதல்ல அறிகுறி இருக்கான்னு பிரிச்சுடுங்க

ஸ்கிரீனிங்னா ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்கு செய்யற டெஸ்ட். தொந்தரவு இருக்கறவங்களுக்கு வேண்டியது டாக்டரோட நேரடி பரிசோதனை. இந்த வித்தியாசம் தெரியாமதான் முதல் சறுக்கலே நடக்குது. மார்புல கட்டி தெரிஞ்சும் "அடுத்த மாசம் கேம்ப் வருதாம், அங்க காட்டிக்கறேன்"னு காத்திருக்கறது ரொம்ப சாதாரணமா நடக்குது.

ஒவ்வொருத்தர்கிட்டயும் இத கேளுங்க: புதுசா கட்டி ஏதாவது இருக்கா, வாயில ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்பு திட்டோ இருக்கா, மலத்துல ரத்தம் வருதா, மாதவிடாய் நின்னப்புறம் ரத்தப்போக்கு, உடலுறவுக்கு அப்புறம் ரத்தம், மூணு வாரத்துக்கு மேல விடாத இருமல், மாறிப்போன குரல், முழுங்க கஷ்டம், காரணமில்லாம எடை குறையறது, உருவமோ நிறமோ மாறுற மச்சம். ஒண்ணுக்கு "ஆமா"ன்னு வந்தாலும் அந்த ஆளுக்கு பிளான் அங்கயே நிக்கணும், முதல்ல டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட். முக்காவாசி பேருக்கு அது கேன்சரா இருக்காது, ஆனா அத முடிவு பண்ண வேண்டியது நாம இல்ல.

மலத்துல ரத்தம் வர்றவர் ஸ்கிரீனிங் கிட் வாங்கி டெஸ்ட் பண்ணி, நெகட்டிவ்னு வந்ததும் நிம்மதியாயிடறது இன்னொரு தப்பு. அறிகுறி இருக்கறப்ப ஸ்கிரீனிங் நெகட்டிவ் எதையும் நிரூபிக்காது.

## 2. குடும்ப வரலாறு எழுதறது

ரத்த சொந்தங்கள் மட்டும் போதும்: அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க, ரெண்டு பக்க தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டே கேள்வி, எந்த உறுப்புல வந்துச்சு, எந்த வயசுல கண்டுபிடிச்சாங்க. இறந்த வயசு இல்ல, கண்டுபிடிச்ச வயசு. கேட்டா எல்லாரும் இறந்த வயசத்தான் சொல்வாங்க, திருப்பி கேளுங்க.

"வயித்துல கட்டி"ன்னு சொல்லுவாங்க. அது இரைப்பையா, குடலா, கர்ப்பப்பையா, சினைப்பையா, ஈரலா? ஒவ்வொண்ணுக்கும் அடுத்து செய்ய வேண்டியது வேற வேற. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட் கிடைச்சா ஒரு போட்டோ எடுத்து வைங்க.

மார்பக கேன்சர்னா அம்மா பக்கத்த மட்டும் எழுதறாங்க பாருங்க, அது தப்பு. பிஆர்சிஏ மாதிரி மரபணு மாற்றம் அப்பா வழியாவும் அதே அளவுக்கு வரும். அப்பாவோட அக்கா தங்கச்சி கதையும் வேணும்.

எப்ப மரபணு ஆலோசனைக்கு போகணும்னா, 50 வயசுக்கு முன்னாடி மார்பகம், குடல் அல்லது கர்ப்பப்பை கேன்சர் வந்தவங்க இருந்தா, எந்த வயசா இருந்தாலும் சினைப்பை கேன்சர் இருந்தா, ஆண்ல ஒருத்தருக்கு மார்பக கேன்சர் வந்திருந்தா, இல்ல ஒரே பக்கத்துல பலபேருக்கு வந்திருந்தா. ஜீன் டெஸ்ட் எடுக்கறதா இருந்தா முடிஞ்சவரைக்கும் நோய் வந்தவருக்குத்தான் முதல்ல எடுக்கணும். எந்த மாற்றத்த தேடறோம்னு தெரியாம ஆரோக்கியமா இருக்கறவருக்கு எடுத்து நெகட்டிவ்னு வந்தா அதுக்கு பெருசா மதிப்பில்ல. நேரா ஆன்லைன்ல கிட் வாங்கறவங்க இத யோசிக்கறதே இல்ல.

எதிர்பக்கத்து தப்பும் ஒண்ணு இருக்கு, "எங்க பரம்பரைலயே யாருக்கும் இல்ல, எனக்கு வராது". பரம்பரையா நேரா கடத்தப்படற கேன்சர் மொத்தத்துல 5 முதல் 10 சதவீதம்தான். அந்த பக்கம் காலியா இருந்தாலும் கீழ உள்ள எதையும் விட்டுட முடியாது.

## 3. புகையிலை, எல்லாத்துக்கும் முன்னாடி

வீட்டுல ஒருத்தர் புகையிலை எடுக்கறார்னா கீழ வர்ற மத்த எல்லா படியும் அதுக்கு அப்புறம்தான். ஏன்னா தடுக்கக்கூடிய காரணங்கள்ல இதான் பெருசு, நுரையீரல் மட்டுமில்ல, வாய், தொண்டை, உணவுக்குழாய், கணையம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை வாய்னு லிஸ்ட் நீளும். மெல்லற புகையிலைக்கு புகை இல்லைங்கறதால பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, வாய், உணவுக்குழாய், கணையம் மூணுக்கும் அது காரணம். புகையிலை கலக்காத வெறும் பாக்கையும் சர்வதேச கேன்சர் ஆய்வு நிறுவனம் (உலக சுகாதார நிறுவனத்தோட ஒரு அங்கம்) உறுதியான கேன்சர் காரணிகள் பட்டியல்லதான் வெச்சிருக்கு.

விடற முறை இந்த வரிசைல போனா நிக்கற வாய்ப்பு அதிகம்:

முதல்ல தேதி. ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு நாள குறிங்க. அதுக்கு மேல தள்ளினா அந்த தேதி வராது, இது கிட்டத்தட்ட சத்தியம்.

அடுத்து அந்த தேதி வரைக்கும் ஒவ்வொரு தடவையும் எப்ப, எதுக்கு எடுத்தோம்னு எழுதணும். காபிக்கு அப்புறமா, போன் பேசறப்பவா, கோபத்துலயா. இந்த லிஸ்ட் இல்லாம விடறவங்க எந்த நேரத்துல விழுவோம்னு தெரியாமலே விழுந்துடறாங்க.

மூணாவது மருந்து. மனஉறுதி மட்டும் போதும்னு நினைக்கறதுதான் நான் அதிகமா பாக்கற தப்பு. நிக்கோடின் பேட்ச், சூயிங்கம், டாக்டர் எழுதித்தர்ற வரெனிக்ளின், பியூப்ரோபியான் இதெல்லாம் விடற வாய்ப்ப நல்லாவே கூட்டும். பேட்ச் மட்டும் இல்லன்னா கம் மட்டும்னு போறத விட ரெண்டையும் சேர்த்து எடுக்கறது நல்லா வேலை செய்யும். காலைல எழுந்து அரை மணிக்குள்ள முதல் சிகரெட் பிடிக்கறவருக்கு 4 மில்லிகிராம் கம், அதுக்கு மேல தாக்குப்பிடிக்கறவருக்கு 2 மில்லிகிராம்.

கம்முக்கு ஒரு டெக்னிக் இருக்கு, யாரும் சொல்லித்தர்றதில்ல. சாதாரண சூயிங்கம் மாதிரி விடாம மெல்லக்கூடாது. ரெண்டு மூணு தடவ மென்னு, காரமா சுருக்குனு வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க, சுருக்கு குறைஞ்சதும் திரும்ப கொஞ்சம் மெல்லுங்க, அரை மணி நேரம் இப்படியே. நிக்கோடின் வாய் தோல் வழியாத்தான் ஏறணும், முழுங்கினா விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம், அப்புறம் "எனக்கு இது ஒத்துக்கல"ன்னு தூக்கி போட்டுடறாங்க. கம் போடறதுக்கு கால் மணி முன்னாடி காபி, ஜூஸ் வேண்டாம், அந்த புளிப்பு உறிஞ்சறத கெடுத்துடும்.

முதல் ரெண்டு மூணு நாள்தான் உச்சம், எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம். ரெண்டு முதல் நாலு வாரத்துல அடங்கிடும். இன்னொரு விஷயம், புகை நிறுத்தினதும் உடம்பு காஃபீன கழிக்கற வேகம் குறையும், அதே அளவு காபி குடிச்சாலும் படபடப்பு ஜாஸ்தியாகும், அத நிக்கோடின் ஏக்கம்னு தப்பா நினைச்சு திரும்ப பத்த வெச்சவங்க இருக்காங்க. காபிய பாதியாக்குங்க. ஆஸ்துமா, மனநலம்னு வேற மருந்து எடுக்கறவங்க புகை நிறுத்தறத டாக்டர்கிட்ட சொல்லணும், சில மருந்தோட டோஸ் மாத்த வேண்டி வரும்.

ஒரு தடவ வழுக்கி ஒண்ணு பிடிச்சுட்டா பிளான் முடிஞ்சுதுன்னு இல்ல. அன்னிக்கே தொடருங்க, புது தேதி குறிக்காதீங்க. "லைட்" சிகரெட்டுக்கு மாறுறது, எண்ணிக்கைய குறைச்சுட்டு அதுலயே நின்னுடறது ரெண்டும் விட்டதா கணக்கில்ல. முழுசா விட்டா பத்து வருஷத்துல நுரையீரல் கேன்சரால சாகற வாய்ப்பு, தொடர்ந்து பிடிக்கறவரோட வாய்ப்புல சுமார் பாதியா இறங்கும். அறுபது வயசுக்கு மேல விட்டாலும் பலன் உண்டு.

## 4. தடுப்பூசி, வயசு தாண்டறதுக்குள்ள

புகையிலைக்கு அடுத்து இத வைக்கக் காரணம், இதுக்கு காலக்கெடு இருக்கு. நடைப்பயிற்சிய அடுத்த வருஷமும் ஆரம்பிக்கலாம், 14 வயசு திரும்ப வராது.

எச்பிவி: கர்ப்பப்பை வாய் கேன்சர் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வைரஸால வர்றது, அதுல 16, 18னு ரெண்டு வகை மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்கு காரணம். 9 முதல் 14 வயசு பெண் பிள்ளைங்கதான் முதல் குறி. 2022-லருந்து உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயசு வரைக்கும் ஒரு டோஸோ ரெண்டு டோஸோ போதும்னு சொல்லுது, 21-க்கு மேல ஆறு மாச இடைவெளில ரெண்டு. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு குறைஞ்சது ரெண்டு, முடிஞ்சா மூணு. நிறைய நாட்டுல ஆண் பிள்ளைங்களுக்கும் போடறாங்க, தொண்டை, ஆசனவாய் கேன்சருக்கும் இந்த வைரஸ் காரணம்ங்கறதால.

பெத்தவங்க "இப்பவே எதுக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி போட்டா போதாதா"ன்னு கேப்பாங்க. இந்த ஊசி வைரஸ் உள்ள வராம தடுக்கும், வந்தத வெளியேத்தாது. அதான் சின்ன வயசு. ஊசி போட்டதும் கால் மணி நேரம் உக்கார வைங்க, அந்த வயசுல ஊசி பயத்துல மயங்கி விழறது உண்டு, அத பாத்து மத்த பெத்தவங்க பயந்து கூட்டிட்டு போயிடறாங்க. கர்ப்பமா இருக்கறவங்க பிரசவத்துக்கு அப்புறம் போட்டுக்கலாம்.

ஹெபடைடிஸ் பி: ஈரல தாக்கற வைரஸ், ஈரல் கேன்சருக்கு பெரிய காரணம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ், அப்புறம் மீதி. பெரியவங்க போடலன்னா முதல்ல ஹெபடைடிஸ் பி இருக்கான்னு ஒரு ரத்த டெஸ்ட், இல்லன்னா வழக்கமா 0, 1, 6 மாசத்துல மூணு டோஸ். ரெண்டாவது டோஸ் தள்ளிப்போச்சுன்னா முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட இடத்துலருந்து தொடரலாம். இது தெரியாம "எல்லாம் வீணா போச்சு"ன்னு விட்டவங்க ஏராளம்.

ஹெபடைடிஸ் சி-க்கு ஊசி கிடையாது, ஆனா மாத்திரைலயே 95 சதவீதத்துக்கு மேல குணமாகுது, அதனால வாழ்க்கைல ஒரு தடவயாவது டெஸ்ட் எடுத்துக்கறது நல்லது.

## 5. ஸ்கிரீனிங்: யாருக்கு, எப்ப, எது

வயசு எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறும். கீழ இருக்கறத வெச்சு டாக்டர்கிட்ட பேசி உங்க பக்கத்துல தேதி போடுங்க.

கர்ப்பப்பை வாய். 30 வயசுல ஆரம்பம், எச்ஐவி இருக்கறவங்களுக்கு 25. எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட்னா 5 முதல் 10 வருஷத்துக்கு ஒரு தடவ, கர்ப்பப்பை வாய்லருந்து செல் எடுத்து பாக்கற பேப் டெஸ்ட்னா 3 வருஷத்துக்கு ஒரு தடவ. எச்பிவி டெஸ்ட்டுக்கு சாம்பிள நாமளே எடுக்கலாம், கூச்சத்தால தள்ளிப்போடறவங்ககிட்ட இத சொன்னாலே பாதிப்பேர் ஒத்துக்கறாங்க. ஊசி போட்டவங்களுக்கும் ஸ்கிரீனிங் உண்டு, எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது.

மார்பகம். உலக சுகாதார நிறுவனம் 50 முதல் 69 வயசுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பகத்த எடுக்கற எக்ஸ்ரே)னு சொல்லுது, அமெரிக்கால 40-லயே ஆரம்பிக்கறாங்க. போற அன்னிக்கு டியோடரன்ட், பவுடர் போடாதீங்க, படத்துல புள்ளியா தெரிஞ்சு குழப்பும். மாதவிடாய் முடிஞ்ச வாரத்துல போனா வலி கம்மி. பழைய படம் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டு போங்க, டாக்டர் தேடறது மாற்றத்த. மாசாமாசம் கையால தடவிப் பாத்துட்டா மேமோகிராம் வேண்டாம்னு நினைக்காதீங்க, சுயபரிசோதனை உயிரிழப்ப குறைச்சதா பெரிய ஆய்வுகள்ல தெரியல. வழக்கமா எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது, அவ்வளவுதான்.

குடல். 45 அல்லது 50-ல ஆரம்பம். மலத்துல கண்ணுக்கு தெரியாத ரத்தத்த தேடற ஃபிட் டெஸ்ட் வருஷத்துக்கோ ரெண்டு வருஷத்துக்கோ ஒண்ணு, இல்ல பத்து வருஷத்துக்கு ஒரு கொலோனோஸ்கோப்பி (கேமரா வெச்ச குழாய உள்ள விட்டு குடல பாக்கறது). பெத்தவங்க, கூடப்பிறந்தவங்கள்ல ஒருத்தருக்கு வந்திருந்தா 40 வயசு, இல்ல அவருக்கு கண்டுபிடிச்ச வயசுக்கு பத்து வருஷம் முன்னாடி, எது முன்னாடி வருதோ அது. ரெண்டாவது படில வயசு கேட்டது இதுக்குத்தான். இந்த டெஸ்ட்ல ஒரு தனி லாபம் இருக்கு, பாலிப்ங்கற சின்ன வளர்ச்சி கேன்சரா மாற பெரும்பாலும் பத்து வருஷம்போல ஆகும், கொலோனோஸ்கோப்பில பாத்த இடத்துலயே அத எடுத்துடலாம், அதாவது கண்டுபிடிக்கறதோட நிக்காம நெஜமாவே தடுத்துடறோம்.

ஃபிட் கிட்ல சாம்பிள் கழிவறை தண்ணில படக்கூடாது, குச்சில நிறைய எடுத்தா நல்லதுன்னு இல்ல, மாதவிடாய் நாளும் மூலத்துல ரத்தம் வர்ற நாளும் வேண்டாம், எடுத்த தேதிய குழாய்மேல எழுதி உடனே அனுப்பிடுங்க. தேதி எழுதாததால திரும்பி வர்ற கிட் எவ்வளவுங்கறீங்க!

நுரையீரல். எல்லாருக்கும் இல்ல. அமெரிக்க வழிகாட்டுதல்படி 50 முதல் 80 வயசு, 20 பேக்-இயர் கணக்கு, இன்னும் பிடிக்கறவர் அல்லது விட்டு 15 வருஷம் ஆகாதவர். ஒரு நாளைக்கு எத்தன பாக்கெட், எத்தன வருஷம், ரெண்டையும் பெருக்குங்க, 20 சிகரெட் ஒரு பாக்கெட். தினம் 10 வீதம் 40 வருஷம்னா 20. டெஸ்ட் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். சாதா எக்ஸ்ரே இதுக்கு உதவாது.

வாய். புகையிலை, பாக்கு, மது இருக்கறவங்க பல் டாக்டர்கிட்ட போறப்பல்லாம் வாய முழுசா பாக்க சொல்லுங்க. சில நிமிஷ வேலை.

புராஸ்டேட். பிஎஸ்ஏங்கற ரத்த டெஸ்ட்ட எல்லாருக்கும் கண்ண மூடிட்டு எடுக்கறதில்ல. 55 முதல் 69 வயசுல நன்மை தீமை ரெண்டையும் டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்றது.

இப்ப பேக்கேஜ் விஷயம். "முழு உடல் கேன்சர் டெஸ்ட்"னு சிஇஏ, சிஏ 125, சிஏ 19-9 எல்லாம் சேர்த்து ரத்தத்துல பாத்து தருவாங்க. அதெல்லாம் பெரும்பாலும் நோய் வந்தவங்கள கண்காணிக்கற டெஸ்ட். ஆரோக்கியமா இருக்கறவருக்கு எடுத்தா ஒண்ணுமில்லாத காரணத்துக்கும் ஏறும், கேன்சர் இருந்தும் நார்மலா காட்டும். அந்த காசுல ஒரு கொலோனோஸ்கோப்பி எடுக்கறது மேல்னு எப்பவும் சொல்லுவேன்.

## 6. அரசு திட்டம், கேம்ப் வழியா போறவங்க கேக்க வேண்டியது

மேல சொன்ன ஊசி, டெஸ்ட் பலதும் நிறைய நாட்டுல பொது சுகாதார திட்டத்துல இலவசம், நாம கேக்கறதில்ல. பக்கத்துல இருக்கற சுகாதார நிலையத்துல உங்க லிஸ்ட்ட காட்டி எது எது கிடைக்கும்னு கேளுங்க.

திட்டம் ரெண்டு மாதிரி. ஒண்ணு, பேர் பட்டியல் வெச்சு வயசு வந்ததும் அவங்களே கடிதம் அனுப்பி கூப்பிடறது. இதுல முகவரியும் போன் நம்பரும் சரியா இருக்கணும், வீடு மாறினா முதல்ல மாத்துங்க. இன்னொண்ணு, நாமளா போய் கேட்டா மட்டும் செய்யறது. இதுல நினைவு வெச்சுக்க வேண்டியது முழுக்க நம்ம பொறுப்பு.

கேம்ப்னா உள்ள போறதுக்கு முன்னாடி நாலு கேள்வி: ரிசல்ட் எப்ப, எப்படி வரும்? பாசிட்டிவ்னா எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க? அங்க செலவு யாரு? ரிப்போர்ட் காப்பி கைல கிடைக்குமா? பதில் சொல்ல ஆள் இல்லன்னா அந்த கேம்ப்ப நம்பி இருக்காதீங்க. டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு அடுத்த வழி இல்லாத ஸ்கிரீனிங் யார் உயிரையும் காப்பாத்தாது. கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வெச்ச 90-70-90 இலக்குலயும் இதான் இருக்கு: 90 சதவீத பெண் பிள்ளைங்களுக்கு 15 வயசுக்குள்ள ஊசி, 70 சதவீத பெண்களுக்கு 35 வயசுக்குள்ளயும் திரும்ப 45-க்குள்ளயும் டெஸ்ட், அதுல நோய் தெரிஞ்சவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு சிகிச்சை.

## 7. ரிசல்ட் வந்தப்புறம், சங்கிலி அறுந்துபோற இடம்

எனக்கு இந்த முழு வழிகாட்டில ஒரே ஒரு படிய மட்டும் அழுத்தி சொல்லணும்னா இதத்தான் சொல்லுவேன். ஊசி, டெஸ்ட் வரைக்கும் ஒழுங்கா வந்தவங்க இங்கதான் காணாமப்போறாங்க.

"ஒண்ணும் சொல்லல, அப்ப நார்மல்தான்"னு நினைக்காதீங்க. ரிசல்ட் வரலன்னா வரல, அவ்வளவுதான் அர்த்தம். சாம்பிள் கொடுத்த அன்னிக்கே, எந்த தேதிக்குள்ள வரலன்னா போன் பண்ணணும்னு நோட்டுல எழுதுங்க.

ஃபிட் பாசிட்டிவ்னா அடுத்து கொலோனோஸ்கோப்பிதான். "இன்னொரு தடவ ஃபிட் எடுத்து பாப்போம்"னு எடுத்து, அது நெகட்டிவ்னு வந்து விட்டுடறது மோசமான தப்பு, ஏன்னா பாலிப்லருந்து ரத்தம் தினமும் கசியாது. கொலோனோஸ்கோப்பிக்கு போறவங்க குடல் சுத்தம் பண்ற மருந்த பாதி முந்தின நாள் சாயந்திரம், பாதி அன்னிக்கு காலைலன்னு சொன்னபடி முழுசா குடிங்க. அரைகுறையா குடிச்சா ஒண்ணும் தெரியாது, திரும்ப முதல்லருந்து. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க முன்கூட்டியே சொல்லணும்.

எச்பிவி பாசிட்டிவ்னா கேன்சர் இல்ல. பெரும்பாலான தொற்று ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா போயிடும், தங்கிடறதுதான் ஆபத்து, அதுவும் கேன்சரா மாற சாதாரணமா 15 முதல் 20 வருஷம் ஆகும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு சீக்கிரம். அந்த இடைவெளில சின்ன சிகிச்சைலயே முடிச்சுடலாம், பலநேரம் அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். இத வெச்சு வீட்டுல யார் மேல தப்புன்னு சண்டை போடறது அர்த்தமில்லாதது, தொற்று எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

மேமோகிராம்ல திரும்ப கூப்பிட்டா, பயத்துல அங்க போகாம இருந்துடாதீங்க. கூப்பிடறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கேன்சர் இருக்கறதில்ல, கூடுதலா ஒரு படம் தேவைப்படுது.

## 8. மது, எடை, நடை, சாப்பாடு (இந்த வரிசைலயே)

மது: சர்வதேச கேன்சர் ஆய்வு நிறுவனம் 1988-லயே உறுதியான காரணின்னு அறிவிச்சது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், குடல், மார்பகம்னு ஏழு. ஒயின், பீர்னு வித்தியாசம் கிடையாது, பிரச்சினை எத்தனால்தான். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லன்னு 2023-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. புகையும் மதுவும் சேர்ந்தா வாய், தொண்டைக்கு ஆபத்து கூட்டல் கணக்குல இல்ல, பெருக்கல் கணக்குல ஏறும். விட முடியலன்னா அளவ எழுதுங்க, எழுதறப்பவே குறையும். தினமும் நிறைய குடிக்கறவர் டாக்டர் உதவி இல்லாம திடீர்னு நிறுத்தக்கூடாது, வலிப்பு வரைக்கும் போகலாம்.

எடை: அதிக உடல் கொழுப்போட 13 வகை கேன்சருக்கு தொடர்பு இருக்கு. முதல் இலக்கா இருக்கற எடை ஏறாம நிறுத்துங்க, குறைக்கறது அடுத்தது.

நடை: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம், பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கற வேகத்துல. ஒரே மூச்சா வேண்டாம், பத்து பத்து நிமிஷமா சேர்த்தாலும் கணக்குதான்.

சாப்பாடு: பதப்படுத்தின இறைச்சிய ரொம்ப குறைங்க, தினம் 50 கிராம் சாப்பிட்டா குடல் கேன்சர் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும்னு 2015-ல சர்வதேச கேன்சர் ஆய்வு நிறுவனம் கணக்கு சொல்லுச்சு. நார்ச்சத்து, காய், பழம், முழுதானியம் கூட்டுங்க. பூஞ்சை பிடிச்ச தானியம், கொட்டைய கழுவி சாப்பிடலாம்னு நினைக்காதீங்க, அந்த பூஞ்சைலருந்து வர்ற அஃப்ளாடாக்ஸின் ஈரலுக்கு விஷம், சமைச்சாலும் முழுசா போகாது. ரொம்ப சூடா, 65 டிகிரிக்கு மேல எதையும் குடிக்காதீங்க, கொஞ்சம் ஆறட்டும். அவ்வளவுதான், இதுக்கு மேல தேடி நேரத்த செலவு பண்ணாதீங்க.

மாத்திரைல சத்து எடுத்தா ஈடாயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. புகைபிடிக்கறவங்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை குடுத்து பாத்த பெரிய ஆய்வுகள்ல நுரையீரல் கேன்சர் கூடத்தான் செஞ்சுது.

## 9. வெயில், காத்து, வேலை இடம்

புற ஊதா குறியீடு 3-ஓ அதுக்கு மேலயோ இருந்தா நிழல், தொப்பி, முழுக்கை, அதுக்கப்புறம்தான் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30-ஓ அதுக்கு மேலயோ, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப. வீட்டுக்குள்ள விறகு, கரி அடுப்புன்னா மாத்த முடியுமான்னு பாருங்க, இல்லன்னா புகை வெளிய போற வழி. ஆஸ்பெஸ்டாஸ், சிலிகா தூசி, டீசல் புகை, பென்சீன் இருக்கற வேலைன்னா என்ன என்னன்னு பேரோட நோட்டுல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைய நாமளே உடைச்சு எடுக்கறதுதான் சும்மா விட்டு வைக்கறத விட ஆபத்து.

## 10. காலண்டர்ல ஏத்தறது

எல்லாம் எழுதினப்புறம் ஒரு ஆளுக்கு மூணு மாசத்துக்கு ரெண்டு வேலைக்கு மேல போடாதீங்க. ஒரே மாசத்துல புகை விட்டு, எடை குறைச்சு, எல்லா டெஸ்ட்டும் எடுக்கறேன்னு கிளம்பறவங்க நாலாவது வாரம் எதையும் செய்யறதில்ல. புகையிலை இருக்கறவருக்கு முதல் மூணு மாசம் அது மட்டும், கூட ஒரு ஸ்கிரீனிங், எடைய அப்ப தொடவே வேண்டாம், ஏன்னா விட்ட புதுசுல கொஞ்சம் எடை ஏறத்தான் செய்யும்.

டெஸ்ட்டோட அடுத்த தேதிய ரிசல்ட் வாங்கற அன்னிக்கே போன்ல ஏத்துங்க, பத்து வருஷம் தள்ளி இருந்தாலும். அந்த நினைவூட்டல் வீட்டுல ரெண்டு பேர் போன்ல இருக்கட்டும். ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைல்ல, தேதி வரிசைல, புதுசு மேல.

நோட்ட வருஷத்துக்கு ஒரு தடவ திறந்தா போதும். ஆனா சொந்தத்துல யாருக்காவது புதுசா கேன்சர்னு தெரிஞ்சா, வீட்டுல ஒரு பிள்ளைக்கு 9 வயசு ஆனா, யாராவது 30, 40, 45, 50 தொட்டா அன்னிக்கே திறந்து அந்த ஒருத்தரோட பக்கத்த மட்டும் திருத்துங்க.